தோடியின் காந்தாரம்

— ஒரு லட்சத்து எழுபதாயிரம். இன்னைக்குக் காலையில நீ தட்டி ஒடச்சியே ஒரு காந்தாரம், அதோட வெல அது.

— காந்தாரத்துக்கு வெலையா அக்கா? எடைக்கா, எண்ணிக்கைக்கா?

— நக்கல் பண்ணாதல முஆத். ஜெஸ்டின் அந்த ரூபாய எதுக்குக் குடுத்தான்? கப்பலுக்கு அரிசி பருப்பு ஏத்துதவன், கம்பெனிக்கு இருவத்தஞ்சு வருசம் ஆச்சுன்னு கச்சேரி வைக்கான். ஒன்றர மணி நேரம். அதுல ஒண்ணேகால் மணி நேரத்த கிடார மடியில போட்டு வாசிக்கத் தெரிஞ்ச எவனும் ஓட்டிருவான். மிச்சம் இருந்தது அந்த ஒரு எடம். ரிஷபத்துல இருந்து ஸ்டீல் ராட கம்பி மேல வழுக்கிட்டே போயி, காந்தாரத்துல ஒரு மயிரிழ கீழ நிறுத்துதேன். மண்டபமே மூச்சு விடாம இருக்கு. அப்ப நீ தபலாவோட டமார்னு வந்து விழுந்த.

— டமார் இல்ல. திஹாய். மூணு தடவ சுத்தி வந்து சமத்துல உக்காந்தேன்.

— தகரப் பந்தல் சரிஞ்ச மாதிரி இருந்துச்சு. முன் வரிசையில ஜெஸ்டினோட மாமியா நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சா.

— அவ்வோ தூங்கிட்டு இருந்தாவ. எழுப்புன புண்ணியம் எனக்குத்தான்.

— என்ன? முன்னால பாத்துப் பேசாத. திரும்பி எம் மூஞ்சியப் பாத்துப் பேசு. அண்ணாச்சி, இந்த ஏசியக் கொறையும். இவன் வாய்க்குள்ளயே முனங்குதான், ஒண்ணும் வெளங்க மாட்டேங்கு.

— ஒண்ணுலதான்மா வச்சிருக்கேன். மணி பன்னெண்டு ஆச்சு. முத்தையாபுரம் தாண்டுனா திருச்செந்தூர் வரைக்கும் வெயிலு உள்ள ஏறிரும், அணைக்கச் சொல்லாதிய.

— வன்னியபெருமாள் அண்ணாச்சிக்கு வெயில் கவல. எனக்கு மானம் போச்சு. கச்சேரி முடிஞ்ச பொறவு ஜெஸ்டின் வந்து என்ன சொன்னான் தெரியுமால?

— தோடின்னு அழைப்பிதழ்ல போட்டிருக்கு, வாசிச்சது தோடி மாதிரி இல்லியேன்னாரு. நானும் பக்கத்துலதான் நின்னேன்.

— பெட்டி மேல எழுதுன சரக்கு உள்ள இல்லன்னு கேக்குத மாதிரி கேக்கான். இது இந்துஸ்தானித் தோடி, நம்ம பக்கத்துல சுபபந்துவராளின்னு சொல்லுவாங்கன்னு நான் வெளக்கம் சொல்லிட்டு நிக்கேன். அந்தக் காந்தாரம் ஒழுங்கா விழுந்திருந்தா இந்தக் கேள்வி வந்திருக்குமா? அத ஒருக்கா கேட்டவன் பேரக் கேக்க மாட்டான், கேட்டியா?

— அது சரிதான். ஒழுங்கா விழுந்திருந்தா கேட்டிருக்க மாட்டாரு.

— என்ன குத்திப் பேசுத?

— நீங்க சொன்னதத்தான் சொன்னேன்.

— சரி. இதுவே கடைசி. அடுத்த மாசம் கல்கத்தாக் கச்சேரிக்கு நீ வரலை.

— டிக்கெட் போட்டாச்சே.

— உன் டிக்கெட்ட கேன்சல் பண்ணியாச்சு. நேத்தே.

— நேத்தேவா? அப்ப இன்னைக்கு ஒடஞ்ச காந்தாரம் வெறும் சாக்கு.

— நேத்து முடிவு பண்ணினேன். இன்னைக்கு நீயா வந்து சீல் குத்திட்டுப் போயிட்ட.

— பதினாலு வருசம் அக்கா. நீங்க ராட எந்த விரலால சாய்ப்பீங்கன்னு உங்க கைக்குத் தெரியுததுக்கு முன்ன எனக்குத் தெரியும்.

— அதான் எனக்கு வேண்டாங்கேன். எனக்கு முன்ன நீ போய் நிக்க. அது என் உஸ்தாது உக்காந்த மேடை. பதினோரு வருசம் அந்த ஊர்ல கெடந்து படிச்சேன். சங்கு யாவாரி மக, மதராஸிப் பொம்பள, மடியில கிடார்னு சிரிச்சாங்க. அந்த மண்டபத்து வாசல்ல செருப்புக் குவியலுக்குப் பக்கத்துல நின்னு கேட்டிருக்கேன். இப்ப அம்பத்தெட்டு வயசுல உள்ள வான்னு கடுதாசி வந்திருக்கு. ஒரே ஒரு தடவதான் கூப்பிடுவான். நல்லா வாசிச்சா எம் பேரு நிக்கும். இல்லைன்னா திருச்செந்தூர்ல கிடார் கிளாஸ் நடத்துத பொம்பளைன்னு முடிஞ்சிரும்.

— அந்த ஊரு எனக்கும் தெரியும். நான் வளந்ததே அங்கனதான். மீன் வெட்டுதவன் கூட பக்கத்து வீட்டு ரேடியோவுல சுரம் எறங்குனா கத்திய நிறுத்திட்டுத் திரும்பிப் பாப்பான்.

— தெரியுதுல்லா.

— தெரியுததுனாலதான் சொல்லுதேன். என்னய விட்டுட்டு அங்க ஏறாதீங்க.

— கெஞ்சுதியா?

— கெஞ்சலை. எச்சரிக்கேன்.

— ஏலே, யாருக்கு எச்சரிக்கை? அங்கனயே ஒரு தபலாக்காரரப் பேசியாச்சு. கை பூ விழுந்த மாதிரி இருக்கு. மெயின் ஆளு நீட்டி வாசிக்கும்போது வெறும் தாளத்த மட்டும் பிடிச்சுக்கிட்டு ஒதுங்கி உக்காந்திருக்காரு. வீடியோவுல பாத்தேன். ஒருத்தர் முந்தில ஒருத்தர் மிதிக்காம வாசிக்கது எப்படின்னு அவர்ட்டப் போய் நீ படி.

— அவரு ஒதுங்கித்தான் உக்காருவாரு. எனக்கு அதான் பயம்.

— உனக்கென்ன பயம்? உன் பொழப்பு போகுதுன்னு பயம்.

— அதுவும்தான். மறைக்கலை.

— ஒனக்குப் பொறாம. ரெண்டு வருசமா பாத்துட்டு வாரேன். மண்டபம் எம் பக்கம் சாயும்போதெல்லாம் உனக்கு விரல் அரிக்கி. எறணாகுளத்துல என்ன பண்ணின?

— என்ன பண்ணினேன்? நீங்களே சொல்லுங்க.

— அங்கயும் காந்தாரம். நான் நீட்டிட்டு இருக்கேன், நீ தபலாவோட கரையில நா நான்னு ஆணி அடிச்ச. புனேல தைவதம். நான் கண்ண மூடி இருக்கேன், நீ கட்டுக் கட்டாக் கொட்டுத. கைதட்டல் உனக்கு வந்துச்சு. மெட்ராஸ்ல ஒருத்தன் பேப்பர்லயே எழுதினான்.

— முரட்டுத் தபலா. ரெண்டே வார்த்த. அத நீங்க கத்தரிச்சு, செவப்புப் பேனாவால அடிக்கோடு போட்டு, எனக்குக் கொரியர்ல அனுப்புனீங்க. போன்ல சொல்லியிருக்கலாம். கையெழுத்துப் போட்டு வாங்க வச்சீங்க.

— போன்ல சொன்னா நீ மறந்திருவ.

— எம் பொண்டாட்டிதான் கையெழுத்துப் போட்டு வாங்கினா. பிரிச்சுப் படிச்சிட்டு, ஏன் இப்படி வாசிக்கீங்க, அந்த அம்மா பாவம்லான்னா.

— நல்லவ. அவளுக்காவது கூறு இருக்கு.

— எறணாகுளம், புனே, மெட்ராஸ். எல்லாம் நீங்க நீட்டி நிறுத்துத எடம். வேகமா வாசிக்கும்போது நான் எப்பமாச்சும் குறுக்க வந்திருக்கனா? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க.

— இல்ல.

— ஆலாபனைக்கு அப்புறம், மெதுவா போகும்போது, ஒரு சுரத்துல வந்து நிக்கீங்கள்லா, அங்க மட்டும்தான் வாரேன். ஏன்னு ரோசிச்சீங்களா?

— சொன்னேன்லா. பொறாம.

— அக்கா, உங்க அப்பா கல்கத்தாவுக்குச் சங்கு ஏத்தும்போது புழு தொளச்ச சங்குக்கு என்ன பண்ணுவாவ?

— எங்க அப்பாவ ஏன்ல இழுக்க?

— மெழுகக் காய்ச்சி தொளைய அடச்சி, மேல சங்குப் பொடியத் தூவி, துணியால தேச்சிருவாவ. கண்ணுக்குத் தெரியாது. தூத்துக்குடி மூட்ட வந்தா அங்க சங்க வளையலா அறுக்குதவன் முதல்ல கொண்டு போய் வெயில்ல வைப்பானாம், மெழுகு ஒழுகுதான்னு பாக்க. எங்க வாப்பா அந்தத் தெரு மொனையிலதான் ரத்தினக் கல்லுக் கடை வச்சிருந்தாவ. சொல்லிச் சொல்லிச் சிரிப்பாவ.

— உங்க வாப்பாவா? செவப்புக் கண்ணாடிய மாணிக்கம்னு ரெண்டு ஜமீந்தார் வீட்டுல வித்த மனுசன். அவருக்குச் சிரிக்க வாய் வேறயா?

— வித்தாவ. ரெண்டு வீடு இல்ல, மூணு. நாம ரெண்டு பேரும் யாவாரி மக்கதான், அதனால நேராச் சொல்லுதேன். ரெண்டு வருசமா உங்க மெழுகு நாந்தான்.

— என்னது?

— உங்க சுரம் எட்டாத எடத்துலதான் நான் தட்டுதேன். நீங்க காந்தாரம்னு நெனச்சு நிறுத்துதீங்க. அது காந்தாரத்துல நிக்கலை. அதுக்குக் கீழ, எந்த ஊர்லயும் பேரு இல்லாத எடத்துல நிக்கி. ஜனங்க காது அத எடை போடுததுக்கு முன்ன ஷட்ஜத்துல ஒரு அடி அடிச்சா காது எம் பக்கம் வந்திரும். அந்த நேரத்துல நீங்க அடுத்த சுரத்துக்குப் போயிருவீங்க. இன்னைக்கு அவ்வளவு பெரிய திஹாய் போட்டேன்னா, இன்னைக்கு அவ்வளவு பெரிய ஓட்ட.

— அம்மா, பழையகாயல் வந்துட்டு. காப்பி எதும் குடிக்கியளா?

— ஓட்டும் அண்ணாச்சி.

— இல்ல, ரெண்டு பேரும் சத்தத்த...

— ஓட்டும்னேன்.

— சரிம்மா.

— முஆத். இந்த ராட முப்பத்தஞ்சு வருசமா பிடிக்கேன். சாதாக் கிடார்ல உனக்குக் கட்டம் இருக்கு, வீணையில கட்ட இருக்கு, இதுல ஒண்ணும் கெடையாது. வெறும் கம்பியும் காதும்தான். என் உஸ்தாது முதல் வருசம் பூரா ஒரே சுரத்துல நிக்க வச்சாரு. எனக்கா நீ சுரம் சொல்லுத?

— நான் சொல்லலை. உங்க தரஃப் சொல்லுது.

— தம்பி, தரஃப்னா என்னது? கேட்டுட்டே வாரேன், ஒண்ணும் பிடிபடலை.

— அம்மா மடியில வைக்க கிடார்ல மேல வாசிக்க கம்பி நாலஞ்சு இருக்கா அண்ணாச்சி? அதுக்கு அடியில ஒரு வரிசை மெல்லிசுக் கம்பி படுத்துக் கெடக்கும். அதத் தொட மாட்டாவ. மேல வாசிக்க சுரம் சுத்தமா விழுந்தா, அடியில அதே சுரத்துக்கு முறுக்கி வச்ச கம்பி தானா அதிரும். தேன்கூட்டுக்குப் பக்கத்துல போன மாதிரி ஒரு சத்தம். சுரம் கொஞ்சம் வெலகுனா அது வாயத் தொறக்காது.

— அட. அப்ப பொய் சொல்லாத சாமான்.

— சொல்லாது. அது சும்மா இருந்தா நான் தட்டுவேன். இவ்வளவுதான் என் பொறாம.

— தரஃபு சும்மா இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா? ரெண்டு வருசமா அது செத்துப் போய்க் கெடக்கு. இந்தக் கடக்காத்துதான் காரணம். உப்பு ஏறி கம்பி பூரா துரு. நாலு செட்டு மாத்திட்டேன். மைக் வைக்கவன்ட்ட சண்ட போட்டேன். கல்கத்தாவுக்கே அனுப்பினேன், செஞ்ச ஆளுகிட்டயே. அந்தத் திருட்டுப் பய ஒண்ணுமே செய்யாம அப்படியே திருப்பி அனுப்பிட்டான்.

— அவரு எனக்குப் போன் பண்ணினாரு.

— உனக்கா? எதுக்கு?

— கம்பி அத்தனையும் நல்லாப் பேசுது, துரு இல்ல, பிரிட்ஜ் தேயலை, நான் எதத் திருத்தன்னு கேட்டாரு. நீங்க அடுத்து எப்ப வாசிக்கீங்கன்னாரு. மதுரைன்னேன். அதையும் நேர்ல வந்து கேட்டாரு, கடைசி வரிசையில உக்காந்து. போகும்போது, அக்காட்டச் சொல்ல எனக்கு நாக்கு வரலை, நீங்க கூட இருக்கவரு, நீங்க சொல்லுங்கன்னுட்டுப் போனாரு.

— அப்ப ரெண்டு பேரும் பேசி வச்சிருக்கீங்க.

— பேசினோம். உங்க காதப் பத்தி.

— வாய மூடு.

— மூடிட்டுத்தான் இருந்தேன் ரெண்டு வருசம்.

— ஏன் சொல்லலை? உண்மைன்னா அன்னைக்கே சொல்லியிருக்கணும்லா. ரெண்டு வருசம் எதுக்குப் பொத்தி வச்ச?

— அன்புன்னு நெனச்சிராதீங்க. வருசத்துக்கு நாப்பது கச்சேரி. நீங்க நின்னாத்தான் நான் நிப்பேன். மூணு பிள்ளைய படிக்குது. காயல்பட்டினத்துல எங்க தெருவுல பாதிப் பேரு துபாய்ல இருக்கான், நான் மட்டும் தபலாவத் தூக்கிட்டு உங்க பின்னால திரியுதேன். உங்க ஓட்டைய அடச்சு எங்க வீட்டுல சோறு வெந்துச்சு. அந்த ஓட்டைய நான் ஏன் ஊருக்குக் காட்டணும்?

— இப்ப ஏன் காட்டுத?

— கழட்டி விட்டுட்டீங்கள்லா. இனி மறச்சு எனக்கென்ன லாபம்?

— பாத்தியா, உங்க வாப்பா ரத்தம்.

— ஆமா. உங்க அப்பா ரத்தத்தப் போல அதுவும் கணக்குப் பாக்கும்.

— நீ பொய் சொல்லுத. அந்த மேடைக்குக் கூட்டிட்டுப் போகலைங்கதுக்காக எங் காதுல கைய வைக்க. பாட்டுக்காரிட்ட தொண்ட போச்சுன்னு சொல்லு, நாட்டியக்காரிட்ட முட்டி போச்சுன்னு சொல்லு, பயந்து போய்க் கூட்டிட்டுப் போவான்னு கணக்குப் போட்டிருக்க. எனக்கு நல்லாக் கேக்குது. நீ பேசுதது கேக்குது, இந்த அண்ணாச்சி பேசுதது கேக்குது.

— நான் திரும்பி உங்க மூஞ்சியப் பாத்துப் பேசுனா கேக்குது.

— அண்ணாச்சி, வண்டிய ஓரம் கட்டும்.

— இங்கனயா? ரெண்டு பக்கமும் உப்பளம்மா. ஒரு மரம் கெடையாது.

— மரத்துக்கா வந்தேன்? அந்த உப்பளத்துப் பாதையில உள்ள எறக்கி நிறுத்தும், ரோட்டுச் சத்தம் வேண்டாம். எஞ்சின அணையும். ஏசியும் வேண்டாம். கண்ணாடி எல்லாத்தையும் ஏத்தும்.

— வெந்து போயிருவமேம்மா.

— அஞ்சு நிமிசம். நீரு துறைமுகத்துல எத்தன வருசம் மூட்ட எண்ணுனீரு?

— இருவத்திரெண்டு வருசம். உப்பு மூட்டதான் முக்கால்வாசி. கப்பலு கெளம்புன பொறவு எங் கணக்குல ஒரு மூட்ட தப்புனதுன்னு எவனும் வந்து நின்னதில்ல.

— அந்த மனுசன்தான் வேணும். எறங்கி பின்னால வந்து உக்காரும். பெட்டியத் தொறந்து கிடார எடுத்து மடியில வையும். மெதுவா. பிள்ளையத் தூக்குத மாதிரி. நான் முன் சீட்டுக்கு வாரேன், முதுகக் காட்டிட்டு உக்காருவேன். நீரு அந்த அடிக் கம்பியத் தொடணும், நான் எண்ணணும். எத்தன தடவங்கது உம்ம இஷ்டம். மூணோ முப்பதோ, எனக்குச் சொல்லாண்டாம். வாயே தொறக்கக் கூடாது.

— நானா தொடணும்? கை காய்ப்புக் காச்ச கைம்மா. கம்பி அந்துட்டுன்னா?

— அறாது அண்ணாச்சி. சுண்டக் கூடாது. நகத்தால லேசாத் தொட்டு விட்டாப் போதும். கச்சேரில அது தானா அதிரும்லா, அந்த அளவு சத்தம்தான் வேணும். கனத்த கம்பில இருந்து மெல்லிசுக்குப் போங்க, பொறவு திரும்பி வாங்க. ஒண்ணு தொட்டு, அது அடங்குன பொறவு அடுத்தது.

— இந்தா, இப்படியா தம்பி?

— அதான். கேட்டுச்சா உங்களுக்கு?

— நல்லாக் கேக்குதே. வண்டு மாதிரி.

— அவ்வளவுதான். அக்கா, இந்த அளவு சம்மதமா?

— சம்மதம். என் தரஃப் அதுக்கு மேல சத்தம் போடவும் போடாது. நீ எறங்கு.

— நானா?

— நீ வண்டிக்குள்ள இருந்தா தும்முவ, செருமுவ, விரல ஆட்டுவ. வெளிய போய் நில்லு. கேட்டுக்கோ. நான் சரியா எண்ணிட்டேன்னா உன் தபலாப் பைய இங்கனயே எறக்கி வச்சிருவேன். ரோட்டுல பஸ்ஸு வரும், ஏறிப் போயிரு. காயல்பட்டினம் இன்னும் தூரம் இருக்கு, நடந்தாலும் சரி. பொறவு எங்கயாவது எங் காதப் பத்திப் பேசுனன்னு கேள்விப்பட்டேன்...

— பேச மாட்டேன். அல்லா மேல ஆணை. தப்பா எண்ணுனீங்கன்னா?

— எண்ண மாட்டேன்.

— சரி. கதவச் சாத்துதேன்.

— அண்ணாச்சி, அவன் அங்கிட்டுப் போயிட்டானா?

— உப்புக் குமி பக்கத்துல போய் நிக்காரும்மா. தலையில துண்டப் போட்டுக்கிட்டு.

— நிக்கட்டும். ஆரம்பியும். எங்க அப்பா எண்ணுனது மாதிரி எண்ணுதேன். ஒண்ணுன்னு சொல்ல மாட்டேன்.

— நாங்களும் அப்படித்தாம்மா. முதல் மூட்டைக்கு லாபம்னுதான் கூப்பிடுவோம்.

— இனிப் பேசாதியும். நான் மட்டும்தான் வாயத் தொறப்பேன்.

— லாபம்.

— ரெண்டு. பாத்தீரா, எவ்வளவு தெளிவா இருக்கு. அந்தப் பய பேச்ச நம்பி வெயில்ல வேகுதோம்.

— மூணு.

— நாலு. இது கீழ் ஷட்ஜம். சுருதி கூட நல்லாத்தான் நிக்கி.

— அஞ்சு.

— ஆறு. பதில் சொல்லாண்டாம், சும்மா சொல்லுதேன். மெழுகாம் மெழுகு. வாப்பாவப் போலவே வாய்.

— ஏழு.

— அண்ணாச்சி, தொடும். எதுக்கு நிறுத்திட்டீரு? கம்பி அந்துரும்னு பயமா? ஒண்ணும் அந்து போகாது, தைரியமாத் தொடும்.

— தூங்கிட்டீரா? சரி, திரும்பிப் பாக்க மாட்டேன், வாக்குன்னா வாக்குதான். உம்ம நேரத்த நீரு எடுத்துக்கிடும். கல்கத்தாவுல கூட்டம் எப்படி இருக்கும் தெரியுமா? மார்கழி மாசத்துக் குளிரு. எல்லாரும் சால்வையப் போத்திக்கிட்டு, ஒருத்தரும் இரும மாட்டான். அந்த மாதிரி ஒரு மண்டபத்துல இந்தக் காந்தாரத்த நீட்டி நிறுத்தணும்னு எத்தன வருசமா மனசுக்குள்ள...

— ஆங், எட்டு. வந்துட்டு பாத்தீரா. பேசிட்டு இருந்தாலும் விட மாட்டேன்.

— ஒம்பது.

— பத்து. பதினொண்ணு.

— பன்னெண்டு.

— பதிமூணு. இது கனத்த கம்பி, முதல்ல தொட்டது. திரும்பி வந்துட்டீரு. அவ்வளவுதான?

— அவ்வளவுதாம்மா.

— பதிமூணு. ஒண்ணு கூட விடலை. போய் டிக்கியத் தொறந்து அவன் பைய எறக்கி வையும். நான் கூப்பிட்டுச் சொல்ல மாட்டேன், பைய பாத்தாலே தெரிஞ்சுக்கிடுவான்.

— அம்மா.

— என்ன? இரக்கப்படுதீரா? அவன் எங்கிட்ட இரக்கப்பட்டானா?

— தம்பி வெயில்ல நிக்காரு. உள்ள கூப்பிடட்டுமா?

— எதுக்குக் கூப்பிடணும்? என்னவே, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? எண்ணிக்க சரிதான?

— துறைமுகத்துக் கைம்மா இது, கட்டுக்கு இருவதுன்னே எண்ணிப் பழகிட்டு. அங்க போய் இங்க வர, இருவது தடவ தொட்டேன். பதிமூணு நீங்க சொன்னிய. ஏழு பாக்கி நிக்கும்மா.